மார்த்தாண்டம் – மதுரை, இரட்டை மோட்டார் இவி6: நிஜத்துல எவ்வளவு ஓடும்? வீட்டு வயரிங் எப்படி?

ரப்பர்க்காடு (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். 2023 மாடல் கியா இவி6, இரட்டை மோட்டார், 325 பிஎஸ் (குதிரைத் திறன்), 77.4 யூனிட் பேட்டரி. பழைய வண்டியா விலைக்கு வருது. அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால ரேஞ்சும் சார்ஜிங்கும் தெளிவாகணும்.

ஓட்டம் இதுதான். மாசம் 25 நாள் மார்த்தாண்டம் – நாகர்கோவில், போய்வர 60 கி.மீ. மாசம் ரெண்டு தடவை மதுரை, ஒரு வழிக்கு 270 கி.மீ. வாக்கில். நாலு பேர், பெட்டி, ஏசி நிக்காது. எப்பவாவது பொன்முடி மலை.

வீட்டுல மும்முனை இணைப்பு உண்டு. மீட்டர் பெட்டியில இருந்து கார் ஷெட் 40 மீட்டர். சுத்தி ரப்பர் மரம். சாயங்காலம் 7-ல இருந்து 10 வரை வோல்டேஜ் 195, 200-லதான் நிக்கும். இடி மின்னலும் இந்தப் பக்கம் ஜாஸ்தி.

கம்பெனி சொன்ன 708 கி.மீ.ல எவ்வளவு நம்பலாம்? மதுரைக்கு எங்க நிறுத்தி சார்ஜ் போடணும்? 7.2 கிலோவாட் வால் பாக்ஸுக்கு (சுவர்ல மாட்டுற சார்ஜர்) 6 ஸ்கொயர், அதாவது 6 சதுர மி.மீ. வயர் போதும்னு எலக்ட்ரீஷியன் சொல்றார், சரியா? விவரம் தெரிஞ்ச அண்ணாச்சிமார் சொல்லணும்.

---

ஆரல்கணவாய்

முதல்ல 708-ஐ மனசுல இருந்து எடுத்துருங்க. அது வண்டியை உருளை மேல ஏத்தி, ஏசியை அணைச்சு, உச்ச வேகமே 90 தாண்டாத ஒரு சுழற்சியில ஓட்டி எடுத்த ஏஆர்ஏஐ (இந்திய வாகனச் சோதனை நிறுவனம்) எண். பொய் இல்ல. ஆனா நம்ம ரோட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ஐரோப்பாவோட டபிள்யூஎல்டிபி அளவுல இதே இரட்டை மோட்டாருக்கு 500-ஐ ஒட்டித்தான் வருது. அந்த எண் ஓரளவு நெருக்கம்.

பேட்டரி 77.4-ன்னு எழுதியிருந்தாலும் ஓட்டக் கிடைக்கிறது 74 யூனிட்னு வச்சுக்குங்க. இந்த வண்டியோட காற்றுத்தடை எண் 0.28. ஆளும் பெட்டியும் ஏறினா எடை 2,300 கிலோவைத் தொடும். இதை வச்சு சமதளம், காற்று இல்லாத நேரம், ஏசி ஓட்டத்தோட கணக்குப் போட்டா:

சீரா 80-ல போனா யூனிட்டுக்கு 6.5 கி.மீ., முழு பேட்டரிக்கு 480.
100-ல போனா 5.3, அதாவது 395.
120-ல போனா 4.4, அதாவது 325.

கவனிங்க, 100-க்கும் 120-க்கும் நடுவுல 70 கி.மீ. ரேஞ்ச் கரையுது. 325 பிஎஸ் வண்டி, சிக்னல்ல இருந்து அழுத்தி எடுத்தா பேட்டரி காலின்னு சொல்வாங்க. அப்படி இல்ல. நின்ன இடத்துல இருந்து 100-க்கு ஒரு தடவை கொண்டுபோக கால் யூனிட் போகும், பிரேக் பிடிக்கும்போது அதுல பாதிக்கு மேல திரும்பி வரும். அந்த 100-ல இருந்து 120-க்கு ஏத்தி அப்படியே 100 கி.மீ. ஓட்டினா நாலு யூனிட் போயிருக்கும், அது திரும்பி வராது. இந்த வண்டியில ரேஞ்சைத் தின்னுறது வேகம்தான். அழுத்தி எடுக்கிறதோட விலையை டயர் கட்டும்.

இனி நம்ம ஊர் சமாச்சாரம். ஆனி, ஆடி, ஆவணியில ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா மேற்கத்திக் காற்று கிழக்க பாயும். முப்பந்தல்ல அத்தனை காற்றாலை நிக்கிறதே அதுக்குத்தான். நாகர்கோவில்ல இருந்து திருநெல்வேலி போறப்போ அது உங்க முதுகுல. தோவாளை தாண்டி காவல்கிணறு வரை மீட்டர் 7-க்கு மேல காட்டும், மனசு குளிரும். திரும்பி வர்றப்போ அதே காற்று நெஞ்சுல.

எதிர்க்காற்று மணிக்கு 30 கி.மீ.ன்னு வைங்க. நீங்க 100-ல போனா காற்றுக்கு நீங்க 130. காற்றுத்தடை வேகத்தோட வர்க்கத்துல ஏறும். யூனிட்டுக்கு 5.3 கொடுத்த வண்டி 3.9-க்கு இறங்கும். 80-க்குக் குறைச்சா 4.7 கிடைக்கும்.

பயப்படவும் வேண்டாம், ஏன்னா காற்றோட பிடி இருக்கிற தூரம் குறைவு. வள்ளியூர்ல இருந்து நாகர்கோவில் 40 கி.மீ. சொச்சம். அந்தத் தூரத்துக்கு 100-ல வந்தாலும் கூடுதலாப் போறது 3 யூனிட், பேட்டரியில 4 சதவீதம். 4 சதவீதம் பெரிசில்லதான். ஆனா 15 சதவீதம் கையில வச்சுட்டு வள்ளியூர் தாண்டுறவருக்கு அந்த 4 இல்லாட்டி காரியம் கெடும். திரையில தெரியற மீதி கி.மீ. வண்டி இதுக்கு முன்னால ஓடின ஓட்டத்தை வச்சு வருது. பின்னால இருந்து காற்று தள்ளினப்போ நல்லாக் காட்டின எண், திரும்பி வர்றப்போ ஆளை ஏமாத்தும். மீதி கி.மீ.யைப் பார்க்காதீங்க. சதவீதத்தையும், யூனிட்டுக்கு எத்தனை கி.மீ.ங்கிறதையும் பாருங்க.

கணவாய்க்குள்ள காற்று எப்படின்னு அறிய ஆப் வேண்டாம். பணகுடி தாண்டினதும் காற்றாலைகளைப் பாருங்க. முகம் மேற்கு நோக்கித் திரும்பி, மூணு இறக்கையும் ஓயாம சுத்தினா அந்தக் காற்று உங்க எதிர்லதான் வருது. வேகத்தை அங்கேயே 80-க்கு இறக்குங்க. நாகர்கோவிலுக்கு நாலஞ்சு நிமிஷம்தான் தாமதம், மிச்சம் ஒரு யூனிட் சொச்சம்.

மார்த்தாண்டம் – நாகர்கோவில் வேற கதை. தக்கலை, வில்லுக்குறி, பார்வதிபுரம்னு 35-க்கு மேல போகவே விடாது. காற்றுத்தடை அங்க இல்லாத மாதிரிதான். ஆனா ஏசி மணிக்கு ஒன்றரை யூனிட் எடுத்தா, 35-ல ஊர்ற வண்டிக்கு அது கி.மீ.க்கு 43 வாட் மணி. 100-ல போற வண்டிக்கு 15தான். ரெண்டும் கூடிக்கழிச்சு யூனிட்டுக்கு 6 கி.மீ. சொச்சம் வரும். தினசரி 60 கி.மீ.க்கு 10 யூனிட்னு நிம்மதியா வைங்க.

ஈகோ மோடுல இந்த வண்டி முன் மோட்டாரை அச்சோட தொடர்பறுத்து பின் சக்கரத்துல மட்டும் ஓடும். ஸ்போர்ட்ல ரெண்டும் எப்பவும் சுத்தும். ஹைவேயில ஈகோ, நல்ல மழையில நார்மல். டயர்ல காற்று கதவுச் சட்டத்துல எழுதியிருக்கிற அளவுக்கு, வண்டி ஆறியிருக்கிறப்போ, ரெண்டு வாரத்துக்கொரு தடவை.

பொன்முடிக்கு: இந்த எடைக்கு 100 மீட்டர் ஏத்தத்துக்கு 0.63 யூனிட் சுமக்கிற வேலை, மோட்டார் இழப்போட முக்கால். 1,100 மீட்டருக்கு 8 யூனிட். இறங்கும்போது பாதி திரும்பும். ஸ்டீயரிங் பின்னால இருக்கிற துடுப்புல ரீஜெனை (வேகம் குறையறப்போ பேட்டரிக்குத் திரும்ப ஏத்துற அளவு) 3-ல வைங்க, 22 கொண்டை ஊசி வளைவிலயும் பிரேக் பேடு அவ்வளவாச் சூடாகாது.

---

எர்த்பிட்

6 ஸ்கொயர் தாங்கும், எரியாது. ஆனால் உங்கள் 40 மீட்டருக்கு அது சரியான வயர் அல்ல. கணக்கைப் பாருங்கள்.

7.2 கிலோவாட் என்றால் 32 ஆம்பியர், அதுவும் மணிக்கணக்காக. கீசர் கால் மணி நேரம் இழுக்கும். கார் இரவு முழுக்க இழுக்கும். 6 ஸ்கொயர் செம்பில் போக வர 80 மீட்டர் கம்பி, சூடான நிலையில் கிட்டத்தட்ட 0.3 ஓம். 32 ஆம்பியர் ஓடினால் 9.5 வோல்ட் வயரிலேயே விழும். ஏற்கெனவே 195-ல் நிற்கும் வீட்டில் அது 185. அதோடு 300 வாட் வெறும் சூடாகப் போகும். 10 ஸ்கொயர் போட்டால் 5.6 வோல்ட், 180 வாட். 10 ஸ்கொயர் செம்பு, ஆர்மர்டு கேபிள், முக்கால் மீட்டர் ஆழத்தில் மணல் பரப்பி, மேலே செங்கல் அடுக்கி மூடுங்கள். ரப்பர் மரத்துக்கு உரக்குழி எடுக்கிறவர் மண்வெட்டிக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தான் செங்கல்.

சாயங்காலம் 7 முதல் 10 வரை போடாதீர்கள். 11 மணிக்கு மேல் வோல்டேஜ் தானாக ஏறும். வண்டித் திரையிலேயே நேரம் வைத்துவிடலாம். மும்முனையில் எந்த பேஸில் மோட்டார் பம்பும் ஏசியும் இல்லையோ அந்த பேஸில் இணையுங்கள். அனுமதிச் சுமையையும் மின்வாரியத்தில் உயர்த்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, மனதில் பட்டதைச் சொல்கிறேன். உங்களுக்கு 32 ஆம்பியர் தேவையே இல்லை. தினசரி 10 யூனிட் செலவு. வால் பாக்ஸை 24 ஆம்பியருக்கு இறக்கினால் 215 வோல்ட்டில் 5.1 கிலோவாட். இரண்டேகால் மணி நேரத்தில் முடிந்தது. 20-லிருந்து 80 சதவீதம் ஏற்ற வேண்டிய நாளில்கூடப் பத்து மணி நேரம். ஆம்பியர் குறைந்தால் வயரில் சூடு வர்க்கத்தில் குறையும், முனைகளுக்கு ஆயுள் கூடும். மதுரை போகும் முந்தின இரவு மட்டும் 32-க்கு ஏற்றுங்கள்.

சாதாரண 16 ஆம்பியர் பிளக்கில் வண்டியோடு வரும் கேபிளைப் போடுவது அவசரத்துக்கு ஆகும். தினமும் வேண்டாம். சாக்கெட்டின் உள்ளே பித்தளைப் பிடி தளர்ந்ததும் தொடும் பரப்பு குறைந்து, அந்தப் புள்ளி மட்டும் கொதிக்கும். முதலில் வெள்ளை முகப்பில் மஞ்சள் வட்டம் தெரியும், பிறகு பழுப்பு, பிறகு மீன் வறுத்த மாதிரி வாடை. மஞ்சளிலேயே நிறுத்துங்கள்.

இனிப் பாதுகாப்பு. 40 ஆம்பியர் சி கர்வ் டபுள் போல் எம்சிபி. அதோடு 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்), டைப் ஏ. வால் பாக்ஸுக்குள் 6 மில்லி ஆம்பியர் டிசி கசிவு கண்டறியும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் டைப் பி போட்டே ஆகவேண்டும். கடையில் கேட்டால் கையில் கொடுப்பது டைப் ஏசிதான். கார் சார்ஜரிலிருந்து டிசி கசிந்தால் அதன் உள்ளே உள்ள காந்த வளையம் நிறைந்து மரத்துப்போய், ஆளுக்கு ஷாக் அடித்தாலும் விழாமல் நிற்கும். சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழும், அதனால் நல்லது என்றே எல்லோரும் நினைப்பார்கள். ஆபத்து அங்கேதான்.

ஓவர் வோல்டேஜ், அண்டர் வோல்டேஜ் ரிலே ஒன்று கட்டாயம். உங்கள் பக்கம் மழையில் ரப்பர்க் கிளை ஒடிந்து லைன் மேல் விழும். நியூட்ரல் கம்பி மட்டும் அறுந்தால் ஒரு பேஸில் 230-க்குப் பதிலாக 400 வரை ஏறிவிடும். காரின் உள்ளிருக்கும் சார்ஜர் ஏழெட்டுக் குதிரைத் திறன் பம்பு மாதிரி பொறுக்காது.

எர்த்: மேற்கே செம்மண், அடியில் வெட்டுக்கல். மழைக்காலத்தில் அளந்தால் 3 ஓம் காட்டும் குழி, மாசி பங்குனியில் 15 காட்டும். அதனால் கோடையில் அளந்து 5-க்குக் கீழே வருகிறதா பாருங்கள். 3 மீட்டர் செம்புப் பூச்சுக் கம்பி இரண்டு, இடைவெளி 3 மீட்டருக்குக் குறையாமல், சுற்றிலும் பென்டனைட் (ஈரம் பிடித்து வைக்கும் களிமண்). உப்பும் கரியும் போட்டு ஜிஐ பைப் இறக்கினால் சில வருடத்தில் உப்பே பைப்பைத் தின்றுவிடும். வேலை முடிந்ததும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் மீட்டர் வைத்துப் பாருங்கள். சார்ஜ் ஓடும்போது 3 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. போனால் பல வால் பாக்ஸுகள் எர்த் பிழை காட்டி நின்றுவிடும். காரில் கோளாறு என்று சர்வீஸுக்கு வண்டியை அனுப்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

பல இழை வயரை அப்படியே எம்சிபிக்குள் நுழைக்க விடாதீர்கள். லக் (வயர் முனையில் மாட்டும் உலோகக் குப்பி) போட்டு, கிரிம்பிங் கருவியால் நசுக்கி, பிறகு முறுக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து மெயினை அணைத்துவிட்டு எல்லாத் திருகையும் மறுபடி இறுக்குங்கள். ஒரு மணி நேரம் சார்ஜ் ஓடியபின் எம்சிபியின் முகப்பில் புறங்கையை வையுங்கள். வெதுவெதுப்பு சரி. கையை எடுக்கத் தோன்றினால் அங்கே திருகு தளர்ந்திருக்கிறது.

---

குளச்சல்கரை

எர்த்பிட் சொன்னதோட கடலோரக்காரங்களுக்கு ஒண்ணு. குளச்சல், முட்டம், கன்னியாகுமரி, மணக்குடின்னு உப்புக்காற்று படுற இடத்துல வால் பாக்ஸை மேற்குச் சுவர்ல மாட்டாதீங்க. சார்ஜ் கன்னை (வண்டியில மாட்டுற கேபிள் முனை) வெறுமனே தொங்கவிடவும் கூடாது, மூடி போடுங்க. மாசம் ஒரு தடவை கன்னோட வாயை வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. வெள்ளி நிறத்துல பளபளன்னு இருக்கிற பின்ல, கடுகு அளவுக்கு ஒரு பச்சைப் புள்ளி வந்தாலே அது பூச்சு போய் உள்ள செம்பு அரிக்க ஆரம்பிச்சதுக்கு அடையாளம். தேங்காய் எண்ணெய், கிரீஸ் எதுவும் தடவாதீங்க, தூசியைப் பிடிச்சு இன்னும் சூடாக்கும். கேபிளை மாத்துறதுதான் வழி.

---

ரப்பர்க்காடு

ரொம்ப உபகாரம். 10 ஸ்கொயர் முடிவு. இனி மூணு சந்தேகம். ஒண்ணு, வோல்டேஜுக்கு 10 கேவிஏ சர்வோ ஸ்டெபிலைசர் வைக்கச் சொல்றாங்க, வேணுமா? ரெண்டு, மின்னலுக்கு என்ன வழி? மூணு, பழைய வண்டியில பேட்டரி தேஞ்சிருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்க?

---

எர்த்பிட்

ஸ்டெபிலைசர் வேண்டாம். வோல்டேஜ் குறைந்தால் வண்டி அதே ஆம்பியரில் குறைந்த கிலோவாட் எடுக்கும், அவ்வளவுதான். ஸ்டெபிலைசர் 195-ஐ 230 ஆக்க லைனிலிருந்து கூடுதல் ஆம்பியர் இழுக்கும். உங்கள் மின்கம்பத்தில் இருக்கும் எல்லா வீட்டுக்கும் வோல்டேஜ் இன்னும் இறங்கும். அந்தப் பணத்தை எர்த்துக்கும் கேபிளுக்கும் போடுங்கள்.

மின்னலுக்கு: மீட்டர் பக்கம் டைப் 1+2 எஸ்பிடி (மின்னல் அலையை எர்த்துக்குத் திருப்பும் கருவி), வால் பாக்ஸ் பக்கம் டைப் 2. எஸ்பிடியிலிருந்து எர்த் கட்டைக்குப் போகும் வயர் அரை மீட்டருக்கு மேல் நீளக் கூடாது, வளைத்துச் சுருட்டக் கூடாது. நீளம் கூடினால் மின்னல் வேகத்தில் வரும் அலைக்கு அந்த வயரே தடுப்பாகி, எஸ்பிடி இருந்தும் இல்லாத கதை. எஸ்பிடியின் முகப்பில் பச்சை சன்னல் சிவப்பாக மாறியிருக்கிறதா என்று ஒவ்வொரு இடிமழைக்குப் பிறகும் பாருங்கள். சித்திரை வைகாசியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் மாலை இடி கேட்டதும் கன்னைக் கழற்றிவிடுங்கள். கம்பத்துக்குப் பக்கத்தில் நேராக விழும் மின்னலை எந்த எஸ்பிடியும் முழுக்கத் தடுக்காது.

---

ஆரல்கணவாய்

பழைய வண்டிச் சோதனைக்கு எளிய வழி இருக்கு. விக்கிறவரோட ஒரு ஃபாஸ்ட் சார்ஜருக்குப் போங்க. 20 சதவீதத்துல இருந்து 80 வரை ஏத்துங்க. புது நிலையில இந்தப் பேட்டரி அதுக்கு 45-ல இருந்து 47 யூனிட் வாங்கும். சார்ஜர் பில்லுல 40-க்குக் கீழ காட்டினா தேய்மானம் பத்து சதவீதத்துக்கு மேல. பேட்டரிக்கு வாரன்டி 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ., எது முதல்ல வருதோ அது. சர்வீஸ் பதிவு விட்டுப்போகாம இருக்கணும்.

முக்கியமா ஐசிசியு. பின் சீட்டுக்கு அடியில இருக்கிற பெட்டி. வீட்டு மின்சாரத்தை உள்ள ஏத்துறதும், பெரிய பேட்டரியில இருந்து 12 வோல்ட் பேட்டரிக்கு ஊட்டுறதும் இதுதான். இது போனா 12 வோல்ட் பேட்டரி இறங்கி, வண்டி வேகம் குறைஞ்சு நிக்கும். இந்தியாவுல 2024 ஜூலையில இதுக்காக 1,138 வண்டிகளைத் திரும்ப அழைச்சு மென்பொருள் மாத்தினாங்க. 2022 மார்ச் 3-ல இருந்து 2023 ஏப்ரல் 14 வரை தயாரானது. நீங்க பார்க்கிற வண்டி அதுக்குள்ள வரலாம். சேஸிஸ் நம்பரைச் சர்வீஸ் சென்டர்ல கொடுத்து, அந்த வேலை முடிஞ்சதுக்குப் பதிவு கேளுங்க. 12 வோல்ட் பேட்டரி மூணு வருஷம் ஆகியிருந்தா வாங்கின கையோட மாத்திருங்க.

இதுல நிக்கல் வகை பேட்டரி. தினசரி 80 சதவீதத்துல நிறுத்துங்க. எல்எஃப்பி (இரும்பு பாஸ்பேட் பேட்டரி) வண்டி வச்சிருக்கிறவங்க வாரம் ஒரு தடவை 100 ஏத்தச் சொல்வாங்க. அது அவங்க வண்டிக்குச் சரி, இதுக்கு இல்ல. மதுரைக்கு 100 வேணும்னா, விடியக்காலம் முடியற மாதிரி நேரம் வச்சு ஏத்தி, உடனே கிளம்புங்க. 100-ல வெயில்ல நாள் முழுக்க நிக்கவிடுறதுதான் கெடுதல்.

---

நாங்குநேரி_ரோடு

மதுரைக் கணக்கை நான் முடிச்சுத் தாறேன்.

போறப்போ: 100 சதவீதத்துல கிளம்பி, நாகர்கோவில் வரை 5 யூனிட், அதுக்கப்புறம் 100-ல 240 கி.மீ.க்கு 45. மதுரையில 32 சதவீதம் மிஞ்சும். சாரல் காலத்துல முதுகுக்காற்று இருந்தா 35. வழியில நிக்கவே வேண்டாம்.

வர்றப்போ: மதுரை – வள்ளியூர் 200 கி.மீ.க்கு 51 சதவீதம். வள்ளியூர்ல இருந்து நாகர்கோவில் எதிர்க்காற்றோட 14, அங்க இருந்து மார்த்தாண்டம் 7. ஆக 72. மதுரையில 90-க்கு ஏத்திட்டுக் கிளம்பினா வீட்டுல 18 மிஞ்சும். வள்ளியூர்ல 35 சதவீதத்துக்குக் குறைவாத் தெரிஞ்சா வேகத்தை 80-க்கு இறக்குங்க. 25 சதவீதத்துக்குக் குறைஞ்சா கணவாய்க்குள்ள போகாதீங்க, முன்னாடியே கொஞ்சம் ஏத்திருங்க. மதுரையில தங்கினா ராத்திரி ஸ்லோ சார்ஜரே போதும், ஃபாஸ்ட் சார்ஜர் தேடவே வேண்டாம்.

ஃபாஸ்ட் சார்ஜர்ல 10-ல இருந்து 80-க்கு 18 நிமிஷம்னு விளம்பரம் சொல்றது 350 கிலோவாட் சார்ஜருக்கு. 50 கிலோவாட்ல அதே வேலைக்கு 73 நிமிஷம்னு கம்பெனியே போட்டிருக்கு. நம்ம பாதையில பங்க்கு ஓரம் நிக்கிறது அனேகமா 30-ம் 60-ம். ரெண்டு கன் இருக்கிற 60-ல பக்கத்துல இன்னொரு வண்டி வந்து மாட்டினா ஆளுக்கு 30. அதனால ஆப்ல சார்ஜர் இருக்கான்னு மட்டும் பார்க்காம, எத்தனை கன், இப்போ எத்தனை ஓடுதுன்னும் பாருங்க. 120 கிலோவாட் ரெண்டு கன் இருக்கிற இடம் கிடைச்சா அதுக்கு 15 கி.மீ. தள்ளிப் போனாலும் லாபம்.

இது 800 வோல்ட் வண்டி. 500 வோல்ட்டோட நிக்கிற பழைய சார்ஜர்ல போட்டா வண்டி தன் பின் மோட்டாரையும் இன்வெர்ட்டரையும் வச்சு வோல்டேஜை ஏத்திக்கும். சார்ஜ் ஏறுறப்போ பின்னால இருந்து ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்கும். பழுது இல்ல.

இணைப்பு விழலைன்னா, சார்ஜ் தொடங்கிப் பத்து விநாடியில அறுந்தா, பெரும்பாலும் கேபிளோட பாரம்தான் காரணம். கனமான கேபிள் கன்னோட பின்பக்கத்தைக் கீழ இழுக்கும், சிக்னல் பின் சரியாத் தொடாது. கன்னை நல்லா உள்ள தள்ளி, அடியில ஒரு கையைக் கொடுத்து மேல தாங்கிக்கிட்டே ஆப்ல ஸ்டார்ட் கொடுங்க. கிளக்னு பூட்டு விழுந்து, கிலோவாட் எண் ஏற ஆரம்பிச்ச பிறகு கையை எடுங்க. அப்பவும் வரலைன்னா கழட்டி, வண்டியைப் பூட்டி, ஒரு நிமிஷம் விட்டு மறுபடி. சிவப்பு அவசரப் பொத்தான் யாராவது அழுத்தி அப்படியே விட்டிருக்காங்களான்னும் பாருங்க. அதை வலப்பக்கம் திருகினா வெளிய வரும்.

80 சதவீதம் தாண்டினதும் சார்ஜ் ஏறுற வேகம் படியிறங்கும். கடைசி 20-க்கு வரிசையில நிக்கிறவரைக் காக்க வைக்காதீங்க. குளிர்நாட்டுல சொல்ற மாதிரி சார்ஜருக்கு முன்னால பேட்டரியைச் சூடாக்குற வேலை நமக்கு வேண்டாம், நம்ம தொல்லை வெயில். சித்திரையில 120-ல ஓட்டி வந்து அப்படியே மாட்டினா குளிரூட்டி விசிறி இரைஞ்சுக்கிட்டே, கிலோவாட் குறைவாத்தான் ஏறும். கடைசி 20 கி.மீ. 80-ல வந்து, நிழல் இருக்கிற கன்ல போடுங்க.

---

தோவாளைப்பூ

யாரும் கரண்ட் பில் பேசலையே. மாசம் 1,500 கி.மீ. உள்ளூரும் மதுரைக்கான ஏத்தமும் சேர்த்தா, சார்ஜ் இழப்போட மாசம் 400 யூனிட், ரெண்டு மாச பில்லுக்கு 800. வீட்டுக்கு ஏற்கெனவே 400 ஓடினா மொத்தம் 1,200. 2024 ஜூலை கட்டணப்படி 501–600-க்கு யூனிட் 8.55, 601–800-க்கு 9.65, 801–1,000-க்கு 10.70, அதுக்கு மேல 11.80. 500 தாண்டினதும் கீழ்ப்படியில கிடைச்ச சலுகை விலையும் போகும். காருக்கான யூனிட் சராசரியா 10 ரூபாயை ஒட்டி விழும். கி.மீ.க்கு 1.85 ரூபாய் வாக்கில்.

3.5 கிலோவாட் சோலார் போட்டா காரோட செலவு கிட்டத்தட்ட ஈடாகும், ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு 4 யூனிட் கணக்குல. பிஎம் சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டும் அதுக்கு மேலயும் மானியம் 78,000 ரூபாய். ஆனா உங்க பேரே ரப்பர்க்காடு. மார்கழி, தை வாக்குல ரப்பர் இலை உதிர்ந்து நிக்கிற நேரத்துல கூரையைப் பார்த்துட்டு நிழல் இல்லன்னு பேனல் மாட்டிடாதீங்க. தளிர் விட்டதும் காலை 9 வரை, மதியம் 3-க்கு மேல மொத்தமா மறைக்கும். ஒரு தென்னை ஓலை நிழல் ஒரு பேனல் மேல விழுந்தாலே அந்த வரிசை முழுக்கத் தொய்யும். இலை முழுசா இருக்கிற மாசத்துல, காலையில் எட்டு மணிக்குக் கூரை மேல ஏறிப் பாருங்க. நிழல் இருந்தா வரிசையா இணைக்காம, பேனலுக்கொரு மைக்ரோ இன்வெர்ட்டர் கேளுங்க.

---

ரப்பர்க்காடு

கொள்ளாம், எல்லாம் குறிச்சு வச்சாச்சு. கடைசியா ஒண்ணு. ஒக்கி மாதிரி புயல் வந்து நாள்கணக்கா கரண்ட் இல்லன்னா?

---

எர்த்பிட்

புயல் எச்சரிக்கை வந்த அன்றே 90-க்கு ஏற்றி வையுங்கள். இந்த வண்டியில் வெளியே மின்சாரம் எடுக்கும் வசதி 3.6 கிலோவாட் வரை உண்டு. ஃபிரிட்ஜ், நாலு விசிறி, விளக்குகள், போன் சார்ஜ் எல்லாம் சேர்த்து நாளைக்கு 5, 6 யூனிட். திரையில் குறைந்தபட்ச அளவை 40 சதவீதத்தில் வைத்தால் அதற்குக் கீழே இறங்காமல் தானாக நிற்கும். 90-லிருந்து 40 வரை 37 யூனிட், ஆறு நாள் தாங்கும். மிச்ச 40 சதவீதத்தில் ஆஸ்பத்திரிக்கோ நாகர்கோவிலுக்கோ போய்வரலாம்.

ஒன்றே ஒன்று: அந்த மின்சாரத்தை இரண்டு பக்கமும் ஆண் பிளக் உள்ள வயர் வைத்து வீட்டு சாக்கெட்டுக்குள் கொடுக்காதீர்கள். மெயின் அணைக்க மறந்தால், கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனுக்கு அது உயிர்ப்பலி. எக்ஸ்டென்ஷன் பெட்டி எடுத்து நேராக ஃபிரிட்ஜுக்குக் கொடுங்கள். பம்பு ஓட்ட வேண்டுமென்றால் ஒரு குதிரைத் திறன் வரை பாருங்கள்; அதற்கு மேல் தொடக்க ஆம்பியரில் வண்டி துண்டித்துவிடும்.